கசகசா ஏற்றிய ரயில்

“என் சல்லடை எங்க?”

காலையில் எழுந்ததும் யார்மிலா கேட்கும் முதல் கேள்வி இதுதான். காப்பி போடுவதற்கும் முன்னால். மாவு சலிக்கிற சல்லடை அடுப்படி ஆணியில் தொங்க வேண்டும். தொங்காது. கீழே, விலேமின் ரயில் அறையில், மணலோ மரத்தூளோ அப்பிக்கொண்டு கிடக்கும்.

செக் நாட்டின் செஸ்கா த்ரெபோவாவில் பாதி ஊருக்கு ரயில்வேயில்தான் சோறு. யார்மிலாவின் கணவன் விலேமும் யார்டில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த ஆள். முழங்கால் மக்கர் செய்து வேலையை விட்டபோது ஊரெல்லாம் அவனுக்காக வருத்தப்பட்டது. அவளுக்காக ஒருவரும் வருத்தப்படவில்லை. பகல் முழுக்க அவன் அடுப்படி மேசையிலேயே உட்கார்ந்துகொண்டான். சும்மா உட்கார்ந்தால் பரவாயில்லையே. வெந்த மாவு உருளையை அவள் நூலால் வில்லை வில்லையாக அறுக்கும்போது, இன்னும் கொஞ்சம் தடிமனாக அறுக்கலாமே என்பான். வெங்காயம் கருகப்போகிறது என்பான். மூடி சரியாக உட்காரவில்லை என்பான். கல்யாணமான நாளிலிருந்து சமைத்த கை அவளுடையது.

பொம்மை ரயில்தான் அவனை அங்கிருந்து கிளப்பியது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக, துணி காயப்போடும் அறை ஒன்று சும்மா கிடந்தது. குடியிருப்போர் குழுவின் தலைவர் குபாட்டிடம் கேட்டு அதை வாங்கிக்கொண்டான். மரச்சட்டம் அடித்து, தண்டவாளம் பதித்து, சாந்து பூசி மலை எழுப்பினான். அடுத்தவர்கள் கழித்துப்போட்ட என்ஜின்களை வாங்கிப் பிரிப்பான். கம்பியில் கைப்பிடி வளைத்து ஒட்டுவான். புதுசாக மினுங்கும் பெயின்டின் மேல் அழுக்கு ஏற்றுவான். அந்த அழுக்கு யார்மிலாவின் கண் மை. பொம்மை மரத்தில் ஸ்பாஞ்சு இலை உதிராமல் பிடித்து வைப்பது அவளுடைய ஹேர் ஸ்பிரே. வேலைக் காலத்தில் அவன் படியில் நின்றுகொண்டு போன யார்டு என்ஜினையும் அப்படியே செய்திருந்தான். அதன் கீழ்ப்படி ஒரு பக்கம் கோணல். நிஜ என்ஜினில் அந்தப் படியைக் கோணலாக்கியதே அவன்தான்.

அடுப்படி யார்மிலாவுக்குத் திரும்பக் கிடைத்தது. சல்லடை போனால் போகட்டும் என்று அவள் நினைத்தாளே தவிர, வாயால் சொன்னதில்லை.

போன கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கீழ்த்தளத்தில் குபாட் வீட்டுச் சாமான் அறையில், வால்நட் பையில் பூச்சி. மாவில் வருமே, அந்தச் சாம்பல் நிற அந்துப்பூச்சி. குபாட் டார்ச்சும் கையுமாக ஒவ்வொரு அறையாக நுழைந்து பார்த்தார். துணி காயும் அறை விளக்கைச் சுற்றித்தான் அதிகம் பறந்தது. ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்துக்குள் பூச்சி ஒழிய வேண்டும், இல்லையென்றால் ரயிலைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, பசை தடவிய பூச்சி அட்டை ஒன்றை விளக்கில் மாட்டிவிட்டுப் போனார்.

காலி செய்வது லேசான காரியமில்லை. விலேம் சட்டத்தை அறைக்கு உள்ளேயே வைத்து அடித்திருந்தான். அது கதவைவிடப் பெரியது. வெளியே எடுக்க ஒரே வழி, ரயில் நிலையத்துக்கு நடுவில் ரம்பத்தை வைப்பது. அடிக்கும்போதே யார்மிலா சொன்னாள். இது எதற்கு வெளியே போகப்போகிறது என்றான்.

இப்போது அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. இரும்பு, பிளாஸ்டிக், மரம், இதில் பூச்சி தின்ன என்ன இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். யார்மிலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். என்ஜின் கொட்டகைக்குப் பக்கத்தில் கரிக்குவியல். அதில் நூலாம்படை மாதிரி ஏதோ கோத்துக்கொண்டிருந்தது. ஒரு மணியை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தாள்.

“இது கசகசா.”

அந்த ஊரில் கசகசா வெள்ளையில்லை, கரி மாதிரிக் கறுப்பு. விலேம் மலையைப் பார்த்தான்.

“கரி இப்படி உருண்டையாவா இருக்கும், மனுஷா? என் டப்பாவுல பாதி காணோமேன்னு நான் கடைக்காரனைத் திட்டிட்டிருந்தேன்.”

“கலர் சரியா இருந்துச்சு, யார்மிலா.”

“பூச்சிக்கும் அதேதான் தோணியிருக்கு.”

அதற்குள் இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இது ஊரின் பழைய என்ஜின் கொட்டகையில் பொறுக்கி இடித்த நிஜக் கரி என்று சொல்லி வைத்திருந்தான். குபாட்டிடமும்தான்.

பூச்சி மருந்து அடிக்கலாம் என்றான். பக்கத்து அறைகளில் எல்லாரும் உருளைக்கிழங்கு வைத்திருக்கிறார்கள், ஊரைக் கொல்லப் பார்க்கிறாயா என்று அவள் வாயை அடைத்தாள். மாவில் பூச்சி வந்தால் ஃப்ரீசரில் வைப்பது அவள் வழக்கம். ரயிலுக்கும் அதே வைத்தியம்.

முதலில் கரிக்குவியல், சரக்குப் பெட்டிகள் எல்லாவற்றிலும் இருந்த கசகசாவை வாக்யூம் கிளீனரால் உறிஞ்சினாள். முனையில் பழைய நைலான் காலுறையைக் கட்டிக்கொண்டாள். கசகசா உள்ளே போனது. ஒரு பொம்மை டிக்கெட் பரிசோதகரும் ஒரு சைக்கிளும் காலுறையில் தப்பித்தார்கள். கிளீனர் பை நேராகத் தெருக்குப்பைக்குப் போனது. என்ஜின்களும் பெட்டிகளும் பிளாஸ்டிக் பைகளில் முடிச்சுப் போட்டு, வாத்துக்கும் பட்டாணிக்கும் நடுவில் ஃப்ரீசருக்குப் போயின. விளக்கில் பூச்சி ஒட்டிய அட்டையை எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினாள். ஹீட்டரில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் ஒரு தடித்த போர்வையைச் சுற்றி, ஜன்னல்களை ஆவென்று திறந்துவிட்டாள். வெளியே மூக்கு மரத்துப்போகிற குளிர். மீதியை ஜனவரி பார்த்துக்கொள்ளும் என்றாள்.

அந்த நாட்களைப் பற்றி யார்மிலாவிடம் கேட்காதீர்கள். போக இடமில்லாமல் விலேம் மறுபடியும் அடுப்படி மேசைக்கு வந்துவிட்டான். மாவு வில்லை தடிமன் பற்றாது. வெங்காயம் கருகப்போகிறது. நடு நடுவே பெயின்ட் உரிகிறதா என்று ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பான். அவள் கரண்டியால் கையில் ஒன்று வைப்பாள். ரயில் போனால் மிச்ச வாழ்நாள் முழுக்க இதுதான். அவனுக்கு ரயில் போகும் கவலை. அவளுக்கு அவன் போகமாட்டானே என்ற கவலை.

வெள்ளிக்கிழமையே ஜன்னல்களை மூடி அறையைச் சூடாக்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைகளை வெளியே எடுத்து, உடனே பிரிக்கக் கூடாது, வியர்த்துவிடும் என்று அதட்டி, அறைச்சூடு வந்தபிறகே கொடுத்தாள். குளிரில் மலை ஒரு இடத்தில் வெடித்திருந்தது. இப்போதுதான் அது மலை மாதிரி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

குபாட் வந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

“பூச்சி எங்களோடதுதான், குபாட். அந்தக் கரி கரியில்ல, கசகசா. உங்க வால்நட்டுக்கு பதில் இதோ, வேற பை.”

விலேமின் காதுமடல் சிவந்தது. குபாட் பையை வாங்கிக்கொண்டார். பிறகு அவர் தோள் தளர்ந்தது.

“நல்லவேளை. வால்நட் பையைத் திறந்து வெச்சது நான்தான்னு என் பொண்டாட்டி இத்தனை நாளா என்னைத் தின்னுட்டா. இதை நீங்களே மேல வந்து அவகிட்ட சொல்லணும்.”

“சொல்றேன். முதல்ல அட்டையைப் பாருங்க.”

அட்டையை விளக்கிலிருந்து கழற்றினார். நடுவில் சின்னதாக ஒன்று ஒட்டியிருந்தது. விலேம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். குபாட் கண்ணாடியை மாற்றி, டார்ச் அடித்து, நகத்தால் சுரண்டினார். பச்சையாக இருந்தது. மரத்திலிருந்து காற்றில் பறந்து வந்த ஸ்பாஞ்சுத் துணுக்கு. பூச்சி ஒன்றுகூட இல்லை.

யார்மிலா அட்டையை வாங்கி மடித்துக் குப்பையில் போட்டாள்.

விலேம் கோணல்படி என்ஜினைத் தண்டவாளத்தில் வைத்துச் சுவிட்சைத் திருகினான். ஒரு உதறு உதறிவிட்டு விளக்கெரிய நகர்ந்தது. குபாட் உட்கார்ந்துவிட்டார். அவர் அந்தக் காலத்தில் சிக்னல் அறையில் இருந்தவர். பாலத்துக்கு முன்னால் இருக்கிற சிக்னல் சிவப்பாக இருக்க வேண்டும், என்ன கூத்து இது என்று விலேமைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்துக்கு நேரமாகிறது என்று யார்மிலாதான் இருவரையும் கிளப்ப வேண்டியிருந்தது. கூட்டத்தில் ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது அங்கே இருப்பது நிஜக் கரி. விலேமும் குபாட்டும் கொட்டகைப் பக்கம் போய்ப் பொறுக்கி, சுத்தியலால் இடித்து, சலித்தார்கள். எதில் சலித்தார்கள் என்று யார்மிலா கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் ரயில் ஓடும். ரயில் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாவது வாசல், கோவுத்னி என்று அவர்கள் குடும்பப் பெயர் எழுதிய மணியை அழுத்துங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். கசகசா பன் யார்மிலா மேலே வீட்டில்தான் தருவாள், கீழே கொண்டுபோகக் கூடாது. விலேமிடம் கரி நிஜமா என்று நாலு கேள்வி கேளுங்கள். இப்போது அவனுக்குப் பதில் இருக்கிறது. எவ்வளவு நேரம் கேட்கிறீர்களோ அவ்வளவு நேரம் அவளுக்கு அடுப்படி மிச்சம். அவசியம் போய் வாருங்கள்.