மூன்று மணி வரை ஊறிய தோல்கள்

விவாத மேடையில் நான் தோற்றதில்லை. மூலக்கூறு உயிரியல் படித்து ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தபோது, ஆம்பூரை அடுத்த தோல் தொழிற்சாலையில் எங்கள் நொதியை விளக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்ததும் இந்த நாவுக்காகத்தான்.

ஆட்டுத்தோலின் முடியை நீக்க அங்கே சுண்ணாம்பையும் சல்பைடையும் பயன்படுத்தினார்கள். அவை விரல்களை அரித்தன. கழிவு பாலாற்றைத் தேடிப் போனது. நாங்கள் புரதத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அது சுரந்த நொதியால் முடியை வேரோடு தளர்த்தினோம். விரலும் வேகாது, ஆறும் சாகாது என்று தொழிலாளர் முன் முழங்கினேன்.

தொட்டிப் பிரிவின் மேஸ்திரி சிரித்தார். நாற்பதைத் தாண்டியவர், எல்லோருக்கும் பாய்.

“சூப்பரா பேசறே தம்பி. ஆனா தோலுக்குக் காது இல்லியே!”

“முடி இருக்கே பாய், அது கேட்டுக்கும்.”

கைதட்டல் எனக்கே விழுந்தது.

வெள்ளோட்டம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. காலை ஆறு மணிக்குத் தோல்களை நொதிநீரில் இறக்கினோம். ஒன்பது மணி நேரம் என்றது ஆய்வகக் குறிப்பு. எங்கள் ஆய்வகம் குளிரூட்டப்பட்டது. இங்கோ கோடை. ஊருக்குள் உள்ள பள்ளிவாசலில் தொழுது திரும்ப மூன்று மணியாகும். புறப்படுமுன் பாய் ஒரு தோலை இழுத்துக் கட்டை விரலால் அழுத்தினார்.

“முடி கையோட வருது. இப்பவே எடுத்துடலாம் தம்பி. தண்ணி சுடுது பாரு.”

“மூணு மணின்னு எழுதியிருக்கு பாய்.”

“எழுதினவரு இந்த வெயில்ல நின்னாரா?”

“சுண்ணாம்புல ரெண்டு மணி நேரம் ஜாஸ்தி கிடந்தா இன்னா ஆகுது? நான் இங்கதான் இருக்கேன். நிம்மதியா தொழுதுட்டு வாங்க.”

வெப்பம் கூடினால் நொதியின் வேகம் கூடும். முடியைத் தளர்த்திய பிறகும் அது நிற்காது, தோலையே தின்னத் தொடங்கும். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆயினும் கூட்டத்தின் முன் வென்ற வாதத்தை ஒரு கட்டை விரலிடம் தோற்க மனமில்லை. தொட்டியருகே அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு எடுத்தபோது தோல்களின் மேற்பரப்பு நனைந்த காகிதம் போல உரிந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை.

முதலாளி ஓடி வந்தார், பின்னாலேயே பாயும். “யாரு பார்த்துக்கிட்டு இருந்தது?”

“பாய் தொழுகைக்குப் போயிருந்தார்” என்றேன்.

அது பொய்யன்று. பொய் சொல்லாமல் உண்மையில் பாதியோடு நிறுத்திக்கொள்வது, எதிரணியை வீழ்த்த நான் பலமுறை கையாண்ட உத்தி.

“நானும் தொழுதுட்டுத்தான் வர்றேன். பொறுப்பா ஓர் ஆளை நிறுத்திட்டுப் போக வேணாமா?” என்று முதலாளி கத்தினார்.

பாய் என்னைப் பார்த்தார். மீதிப் பாதிக்காகக் காத்திருந்தார். ஒரு வாக்கியம் போதும். அவர் வேலை தப்பியிருக்கும். ஆயிரம் பேர் முன் தடுமாறாத நான் குனிந்து, கெட்டுப்போன தோல்களை எண்ணத் தொடங்கினேன்.

மாலையில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுத் தூக்கோடு என்னைக் கடந்தவர், “நல்லாப் பேசறே தம்பி” என்றார். இம்முறை சிரிக்கவில்லை.

‘பணியாளரின் கவனக்குறைவு’ என்று அறிக்கையில் எழுதியவன் நானே. அடுத்த வெள்ளோட்டத்துக்கான செய்முறையில் மணிக்கணக்கு இல்லை. ‘கட்டை விரலால் அழுத்தும்போது முடி வந்தால் உடனே எடுக்கவும்’ என்று இருக்கிறது. நன்றாகத் திருத்தியிருப்பதாக இயக்குநர் பாராட்டினார். அதன் கீழே என் கையொப்பம் இருக்கிறது.