குளிர் காணாத கார்

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்சப் குழுவில் ஒருவர் தன் காரின் சத்தத்தைப் பதிவு செய்து போட்டிருந்தார். காலைக் குளிரில் கிளப்பினால் நின்று நின்று போகிறதாம், கூடவே இந்தச் சத்தமாம், யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார். புனேயில் டிசம்பர் வந்தால் மனிதருக்கும் காருக்கும் சேர்ந்தே தொண்டை கட்டும். உடனே ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பேட்டரி என்றார், இன்னொருவர் பெட்ரோலில் கலப்படம் என்றார், மேல்மாடிக்காரர் வழக்கம்போல் குட்மார்னிங் படம் போட்டார்.

எனக்கு மட்டும் சுடச்சுட பாவ் ரொட்டி வாசனை அடித்தது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

கல்யாணமாகி நான் இங்கே வந்த வருஷம், தலைதீபாவளி முடிந்த கையோடு அப்பா தன் பழைய காரைச் சென்னையிலிருந்து லாரியில் ஏற்றி அனுப்பினார். மகளுக்குத்தான், மாப்பிள்ளைக்கு இல்லை. இதை லாரிக்காரரிடம்கூடச் சொல்லியிருந்தார். எனக்குப் பிம்ப்ரியில் வேலை. பஸ்ஸில் கசங்காமல், யார் முதுகுக்குப் பின்னாலும் உட்காராமல், நானே ஓட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் சிவப்பு விழுந்தால்கூட எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

டிசம்பர் பிறந்ததும் வண்டிக்கு நடுக்கம் கண்டது. காலையில் கிளப்பினால் உதறும், தகர டப்பாவில் ஆணி போட்டு ஆட்டியதுபோல் கடகடவென்று கத்தும், நின்றுவிடும். நாலைந்து தரம் கெஞ்சினால் ஓடும். சூடேறிவிட்டால் அப்புறம் பரம சாது. கீழ்வீட்டு மராத்தி மாமி ஜோஷி காக்கு அந்தச் சத்தத்தை நம்பித்தான் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூர். அந்த ஊரில் பிறந்தாலே மோட்டார் தெரிந்துவிடும் என்று மனதார நம்புகிறவர். பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. பானெட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்து, நெடுநேரம் பார்த்தார்.

"உங்கப்பா நல்ல வண்டியாப் பாத்துத்தான் குடுத்திருக்காரு. பொங்கல் வரைக்கும் பாக்கலாம். ஆகலைன்னா வித்துப்போடலாம்."

விற்றால் நான் அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டு. எனக்குத் தூக்கம் போயிற்று.

கட்கியில் செல்வம் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். மூன்று தலைமுறையாகப் புனேக்காரர், ஆனாலும் தமிழர். அவரிடம் கொண்டுபோனால், டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளை மாதிரி வண்டி கமுக்கமாக நிற்கும். "ஆவாஜ் எங்க வருதுக்கா? ஏக்தம் பராபரா இருக்கு" என்பார். சத்தமே இல்லையாம், எல்லாம் கச்சிதமாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று பிளக் மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார். கடைசியில், ராத்திரி இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், காலையில் நானே கிளப்பிப் பார்க்கிறேன் என்றார். விட்டோம். மறுநாள் முதல் சாவிக்கே கிளம்பியது. அவர் ஷெட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரியின் அடுப்பு. ராத்திரி முழுக்கக் கதகதப்பாகத் தூங்கியிருக்கிறாள் மகராசி. சீட்டெல்லாம் பாவ் வாசனை போகவே பல நாள் ஆயிற்று.

இதற்குள் அப்பாவும் மாப்பிள்ளையும் என்னை நடுவில் வைத்துச் சண்டை தொடங்கியிருந்தார்கள். சென்னையில் ஒரு நாள் மக்கர் பண்ணாத வண்டி என்பார் அப்பா. மாப்பிள்ளை நோண்டிக் கெடுத்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம். பொறுக்கமுடியாமல் ஒரு நாள் ஆபீஸ் போனில் அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினேன். பக்கத்து மேஜைப் பெண் எழுந்து போய்விட்டாள்.

"காலையில மட்டுமா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. குளிர் விட்டா சரியாயிடுது."

 "இரு, அம்மா பேசணுமாம்" என்று போனைக் கைமாற்றிவிட்டார். அம்மாவுக்குப் பேச ஒன்றுமே இல்லை.

தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டு வந்தார்கள். அம்மா ஹாலில் தட்டுகளை வரிசையாக வைத்தாள். வேட்டி, புடவை, மஞ்சள் கொத்து, வெல்லம், வெண்கலப் பானை. கடைசித் தட்டில் வெற்றிலைபாக்கின் மேல் முழ நீளத்துக்கு மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்புக் குழாய், நுனியில் சந்தனம் குங்குமத்தோடு. அப்பா ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் போட்டு உடைத்தாள். குளிரில் இஞ்சினுக்கு வெதுவெதுப்பான காற்றைக் கொண்டுபோகிற குழாயாம் அது. சென்னை வெயிலில் இதற்கு ஒத்தடம் வேறா என்று அப்பா எப்போதோ கழற்றச் சொல்லி, எதையும் எறியாத வழக்கப்படி பரணில் போட்டிருக்கிறார். குழாய் போனதும் அதைச் சுற்றியிருந்த தகரம், குளிரில் இஞ்சின் உதறும்போதெல்லாம் பிடிப்பில்லாமல் ஆடியதுதான் என் கடகட.

என் வீட்டுக்காரருக்கு நாக்கு நுனிவரை நக்கல் வந்துவிட்டது தெரிந்தது.  அவர் அப்பாவின் முதுகைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தத் தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

"சீரு பலமா இருக்குதுங்க மாமா. வாங்க, மாட்டிப் பாக்கலாம்."

பானை பொங்கும்போது வீட்டில் ஆண்கள் யாருமில்லை. அம்மாவும் நானுமே கூவினோம். கீழே இரண்டு குரங்குக் குல்லாய்கள் பானெட்டுக்குள் கவிழ்ந்திருந்தன. மறுநாள் விடியலில் வண்டி ஒரே சாவிக்குக் கிளம்பி முனகாமல் ஓடியது. ஜோஷி காக்குவின் பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

அந்தக் கார் போய் எத்தனையோ வருஷமாயிற்று. செல்வத்தின் ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை. அப்பாவும் இல்லை. இப்போது புதுக் கார் வாங்கியிருக்கிறோம், குளிரானாலும் வெயிலானாலும் சத்தமே கிடையாது. அது வீட்டுக்கு வந்த அன்று என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் பானெட்டைத் திறந்தார். உள்ளே எல்லாவற்றையும் மூடி ஒரு பிளாஸ்டிக் பலகை.

"உங்கப்பா இருந்திருந்தா, இந்நேரம் இதுல ஏதாச்சும் ஒண்ணக் கழட்டியிருப்பாரு" என்றார்.

பானெட்டை மூடாமல் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றுகொண்டிருந்தார்.