கேமரா மேல் வைத்த பேட்ஜ்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த ஷெட்டில், அணுமின் நிலையத்துக்குப் போகும் குழாய்களின் வெல்டிங்கைக் கதிர்வீச்சு கொண்டு படம் எடுத்துச் சோதிப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் கிட்டே வராதபடி கயிறு கட்டிக் காவல் நிற்பது என் வேலை. ஆட்களிடம் பேசக் கூச்சப்படும் எனக்கு அது தோதாக இருந்தது.

உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அறிய ஆளுக்கொரு பேட்ஜ் உண்டு. அளவு கூடினால் ஆளை நிறுத்திவிடுவார்கள். அதனால் எங்கள் காண்ட்ராக்டர் எல்லாவற்றையும் வாங்கி, தன் மேஜையில் பூட்டி வைப்பார். ஒருமுறை மேஜையை எலி கடித்தது என்று, டப்பாவில் போட்டுக் கதிர் வரும் கேமரா மேலேயே வைத்துவிட்டார்.

ஆய்வகம் பார்த்ததில் எல்லா பேட்ஜிலும் அளவு எகிறியிருந்தது. அதிலும் அதிகம் அந்தக் கேமராவை இயக்கும் ஆபரேட்டருடையது. அவரோ மனைவியின் பிரசவத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தார்.

தணிக்கைக்கு ஒரு அம்மா வருகிறார் என்று தெரிந்ததும், பேட்ஜைப் போட்டுக்கொண்டு தவறுதலாகக் கிட்டே போய்விட்டேன் என்று சொல்லும்படி, ஊரிலிருந்து திரும்பிய ஆபரேட்டரைக் காண்ட்ராக்டர் மிரட்டினார். சொன்னால் தன் வேலை போய்விடும், கைக்குழந்தை இருக்கிறது என்றார் ஆபரேட்டர்.

"என் லைசென்ஸ் பூடும்டா. அப்போ இன்னா பண்ணுவ?"

கேட்டுக்கொண்டே காண்ட்ராக்டர் ஸ்பேனரால் அவர் வாயில் அடித்தார். பல் தெறித்தது. ஆபரேட்டர் தலையால் அவர் மூக்கில் முட்டினார். இருவரும் குழாய்களுக்கிடையே உருண்டார்கள். நடுவில் புகுந்த என் விலாவில் ஓர் உதை விழுந்து மூச்சு நின்றுபோனது.

அந்த அம்மா வாசலில் நின்றிருந்தார். குழாய் விழுந்துவிட்டது மேடம் என்றார் காண்ட்ராக்டர், மூக்கைப் பொத்திக்கொண்டு. அந்த அம்மா ஆபரேட்டரைப் பார்த்து, பேட்ஜ் போட்டிருந்தீர்களா என்று கேட்டார்.

ஆபரேட்டர் ரத்தத்தைத் துப்பினார். "நான் ஊர்லல்லா இருந்தேன் மேடம். அது மட்டுந்தான் இங்க டூட்டி பாத்துது."

ஆபரேட்டர் கைகாட்ட, அந்த அம்மா கேமரா மேல் டப்பா இருந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த அளவு உங்கள் உடம்பில் ஏறியதல்ல என்றார். ஆனால் இத்தனை காலம் பேட்ஜ் இல்லாமல் நின்ற உங்களுக்குள் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது, ரத்தப் பரிசோதனை முடியும்வரை ஒருவரும் இந்த வேலையில் நிற்கக் கூடாது என்றும் சொன்னார்.

காண்ட்ராக்டர் ஆபரேட்டரைப் பார்த்துச் சிரித்தார். "உண்மைய சொல்லி இன்னாத்த கிழிச்ச?"

ஆபரேட்டர் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தார். முதல் அடி காண்ட்ராக்டரின் தோளில் விழுந்தது. நான் விலக்கப் போகவில்லை. அந்த அம்மாதான் கத்திக்கொண்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.