கொக்கியில் இல்லாத துண்டு

லூர்துராணி தென்னூரில் பிறந்து வளர்ந்தவள். காற்று என்றால் அவளுக்கு ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிற சத்தம், அவ்வளவுதான். காட்டூர் சவரிநாதனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான் காற்றுக்குக் காத்துக் கிடக்கிற பிழைப்பு அவள் தலையில் விழுந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் ஊரைப் பார்க்கப் போகும்போது விற்றுவிட்டுப் போன இரும்புக் காற்றாடி, அவர்கள் தோட்டக் கிணற்றின் மேல் உயரமாக நின்றது. காற்றடித்தால் அது சுழலும். சுழன்றால் நீளக் கம்பி ஒன்று கிணற்றுக்குள் ஏறி இறங்கி, அடியில் இருக்கிற பம்பை இயக்கித் தண்ணீரைத் தொட்டிக்குத் தள்ளும். காற்று இல்லையென்றால் கத்தரிச் செடிக்கும் தண்ணீர் இல்லை, வீட்டில் அடுப்பும் இல்லை.

கீழே ஒரு சங்கிலி உண்டு. இழுத்துக் கொக்கியில் மாட்டினால் காற்றாடி நிற்கும், கழற்றிவிட்டால் ஓடும். காற்று கிளம்பினால் பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் ஓடிப்போய்க் கழற்றிவிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். கொக்கியில் சவரிநாதனின் சிவப்புத் துண்டு தொங்கினால் மட்டும் தொடக்கூடாது. அவன் கிணற்றுக்குள் இருக்கிறான் என்று அர்த்தம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி பாதி கழிந்தும் காற்று எட்டிப் பார்க்கவில்லை. "பம்புக்குள்ள இருக்கிற தோல் வாஷர் தேஞ்சு போச்சு ராணி, மார்க்கெட்டுக்குப் போயி வாங்கிட்டு வரேன்" என்று ஒருநாள் காலையில் சவரிநாதன் கிளம்பிப் போனான். திரும்பி வந்தவன் வீட்டுக்குள் தலை காட்டாமல் நேரே கிணற்றில் இறங்கிவிட்டான். சங்கிலியை மாட்டி, துண்டையும் ஒழுங்காகத்தான் கொக்கியில் போட்டான். முடிச்சுதான் போடவில்லை. காற்றே இல்லாத ஊரில் துண்டுக்கு முடிச்சு எதற்கு?

மத்தியானம் மேற்கே புழுதி எழும்பியது. கொல்லைக் கதவு படாரென்று அடித்ததும் லூர்துராணி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கொக்கியில் துண்டு இல்லை. "வந்துட்டியா ராசா!" என்று காற்றைக் கொஞ்சிக்கொண்டே சங்கிலியைக் கழற்றிவிட்டாள். மேலே தகடுகள் கிறீச்சிட்டுத் திரும்பின, கம்பி குதித்தது. சந்தோஷமாகத் தொட்டிப் பக்கம் திரும்பியபோதுதான் கத்தரிப் பாத்தியில் சிவப்பாக ஏதோ படபடத்தது.

அது சவரிநாதனின் துண்டு. அவன் கை இப்போது பம்புக்குள்தான் இருக்கும்.

சங்கிலியைப் பிடித்துத் தொங்கினாள். அது ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. "ஏங்க! ஏங்க!" என்று கிணற்றைப் பார்த்துக் கத்தினாள். காற்றாடியின் கடகடப்பில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அடுத்த தோட்டத்து அப்துல் மாலிக் வரப்பில் விழுந்தடித்து ஓடிவருவது தெரிந்தது, ஆனால் அவர் வெகு தூரத்தில் இருந்தார். மேல்காற்று மூச்சு வாங்காமல் அடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். அது மூச்சு வாங்குகிறவரை காத்திருக்க வேண்டும். புருஷன் கீழே கிடக்க, சும்மா நின்று காத்திருப்பதைப்போல ஒரு கொடுமை உண்டா? மாதாவைக் கூப்பிட்டாள், காற்றைத் திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள். காற்று தணிகிறதா என்று பார்த்த கண் மட்டும் வரப்போரத் தென்னையின் மட்டையை விட்டு நகரவில்லை.

மட்டை தொய்ந்தது. காலைக் காற்றாடித் தூணில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது, கொக்கி மாட்டிக்கொண்டது.

"ஏங்க..."

ஓடிவந்த மாலிக் கிணற்றில் இறங்கினார். சவரிநாதனைத் தோளோடு அணைத்து மேலே கொண்டுவந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"ராணி, தண்ணி வந்துச்சா?" என்றான்.

"தண்ணியா முக்கியம், பாவி மனுஷா! கையைப் பாருங்க!"

அப்போதுதான் அவன் பார்த்தான். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு பூசைக்கு அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது அவள் வேலையாயிற்று. கோவில் வாசலில் யாராவது விரலைப் பற்றி விசாரித்தால், "காத்து துண்டைத் தூக்கிட்டுப் போயிடுச்சுங்க, அதான்" என்று அவன் முந்திக்கொள்வான். அவள் ஒருநாளும் அதை ஒப்புக்கொண்டதில்லை.

"காத்து ஒண்ணும் பண்ணலைங்க. நான்தான் கிணத்தை எட்டிப் பாக்காம கழட்டிவிட்டேன்" என்பாள், எதிரில் இருப்பவர் முகத்தை நேராகப் பார்த்து.