கிட்டார்காரருக்கு ஞாயிறு பூசை

இன்று ஏற்காட்டில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்குப் போனேன். நான் கொடுத்த படத்தில் இருந்தவர், அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ப்ளூஸ் இசை வாசித்த கிட்டார்காரர்.

கடைக்கார பாய் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, எப்பத் தவறுனாருங்க?"

"நொம்ப வருசமாச்சுங்க பாய். சின்ன வயசு. கல்லறையில பேருகூட இல்லீங்க."

மாதா படத்துக்குச் சட்டம் போட வந்து பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்த எஸ்டேட்டுங்க?"

"பருத்தி எஸ்டேட்டுங்க." அதில் பொய் இல்லை; அவர் வளர்ந்தது அமெரிக்கப் பருத்தித் தோட்டத்தில்தான்.

"புள்ளைங்க?"

"கிட்டார் புடிக்கிறவங்க எல்லாம் அவரு புள்ளைங்கதானுங்க அக்கா."

"அத்தனை பேரு இருந்தும் ஒரு கல்லு வைக்கலீங்களா? பேரைச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுப் பூசையில வேண்டிக்கச் சொல்றேன்."

துள்ளிக் குதிக்காத குறையாக, நம்மூர்க் கிறிஸ்தவர் பெயர் போலவே ஒலிக்கும் அந்தப் பெயரை இனிஷியலோடு சொல்லிவிட்டேன்.

பூசையில் குடும்பத்தார் முன்வரிசையில் உட்கார வேண்டுமாம், அக்கா சொல்லிவிட்டார். கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளே, யாரெல்லாம் வருகிறீர்கள்?