வைப்பர் டாங்கியில் வந்த வாசனை

சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை என் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பிரசவத்துக்கு வந்த என் மகள் ஐந்து மாதக் குழந்தையோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவர்களைப் பார்க்க வாராவாரம் பஸ்ஸில் அலைய வேண்டாமென்று காரை அவரிடம் நான்தான் கொடுத்து வைத்திருந்தேன். மறுநாள் மகளையும் பேத்தியையும் அதே காரில் பொறையாற்றில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு.

அவர் உள்ளே போனதும் நான் காரைச் சுற்றி வந்தேன். யார் வண்டியைக் கொண்டுவந்து விட்டாலும் ஒரு சுற்று பார்த்துவிடுவேன். அப்படிப் பார்க்காதவனாக இருந்தால், மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் நெரவியில் சிமெண்ட் உறை போடும் களம் வைத்திருக்க முடியாது. லாரி வாங்கி, மாடி வீடு கட்டியிருக்கவும் முடியாது. குரும்பகரம் வரைக்கும் போய் எந்தக் கிணற்றை வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். உள்ளே இறங்கியிருப்பது என் உறைதான்.

இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. ஏ.சி. தண்ணீர் அந்த இடத்தில் சொட்டாது. விரலில் தொட்டு முகர்ந்தேன். சாராய நெடி குப்பென்று ஏறியது.

நான் குடிக்காதவன். ஆனால் காரைக்காலில் அந்த வாசனை தெரியக் குடிக்க வேண்டியதில்லை. புதுச்சேரி ஆட்சியில் இருப்பதால் இங்கே சரக்கு விலை குறைவு, எல்லைக்கு அந்தப் பக்கம் அதிகம். பொறையாற்றுக்குப் போகிற வழியில் பூவம் தாண்டினால் தமிழ்நாட்டுப் போலீஸ் நிற்கும். அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் கொண்டுபோக ஆட்கள் கண்டுபிடிக்காத இடமில்லை. ஸ்டெப்னி டயருக்குள், ஸ்பீக்கர் பெட்டிக்குள், இளநீர்க் குலைக்கு நடுவில். பானெட்டைத் திறந்தேன். முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற வைப்பர் டாங்கியிலிருந்துதான் நெடி வந்தது. போலீஸ்காரன் கனவில்கூட அங்கே மூக்கை நீட்ட மாட்டான்.

மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பேசினால் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். தரையைப் பார்த்துப் பேசுகிறவர்களை நான் எப்போதுமே கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்ப்பேன். குடிக்கிறாரா, விற்கிறாரா, இல்லை இரண்டுமா? அது தெரியாமல் பச்சைக் குழந்தையை அந்த வண்டியில் ஏற்றி அனுப்ப நான் என்ன மடையனா?

மகளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நாளைக்குப் போக வேணாம். சூலம்."

"ஞாயித்துக்கிழமை மேற்குலதானேப்பா சூலம்? பொறையாறு வடக்கேல்ல இருக்கு?"

"உங்கப்பனுக்குத் திசை சொல்லிக் குடுக்குறியா?"

"நல்ல நாள் பாத்ததே நீங்கதானே. நான் பையெல்லாம் கட்டி வச்சாச்சு."

சரி, போகட்டும், ஆனால் மாப்பிள்ளை ஓட்ட வேண்டாம் என்று முடிவு செய்து, என் லாரி டிரைவரைக் காலையில் வரச் சொன்னேன். டாங்கியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பவும் மனமில்லை. கழற்றுகிறவன் மூக்கு சும்மா இருக்காது. மதியத்துக்குள் விஷயம் ஊர் பூராவும் போய்விடும். நானே கடைக்குப் போய்ப் புது டாங்கி வாங்கினேன். கடைக்காரர் ஒரிஜினல் என்றுதான் சொன்னார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். மட்கார்டுக்கு உள்ளே இருந்த பிளாஸ்டிக் தடுப்பின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"நீங்க ஏன் மாமா கஷ்டப்படுறீங்க? ஒர்க்‌ஷாப்புல விட்டா அரை மணி நேரத்துல முடிச்சிருவான்."

"அந்த அரை மணி நேரத்துல அவன் என்னென்ன பாப்பானோ."

"இதுல பாக்க என்ன மாமா இருக்கு?"

ஸ்பேனரைப் போட்டுக்கொண்டே பேச்சை வேறு வழியில் திருப்பினேன்.

"பூவத்துல இப்ப ரொம்பக் கெடுபிடியாமே மாப்ளே?"

"ஆமா மாமா. டிக்கியத் திறக்கச் சொல்றாங்க."

"பானெட்ட?"

"அதெல்லாம் பாக்குறதில்ல."

அதையும் கவனித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

டாங்கி கையோடு வந்தது. போல்ட் பிடிக்கிற காதுக்குக் கீழே மயிரிழையாக ஒரு விரிசல். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்ததை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லேசான நீலம் மாதிரி இருந்தது. சரக்கில் எல்லா நிறமும் உண்டு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்த மகள் கேட்டாள்:

"அத எதுக்குப்பா மோந்து மோந்து பாக்குறீங்க?"

"வெயில்ல புள்ளய வச்சிக்கிட்டு நிக்காத. உள்ள போ."

அவள் போகவில்லை. பழைய டாங்கியின் மோட்டாரைப் பிடுங்கி, ரப்பர் புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தடவிப் புது டாங்கியில் அழுத்தினேன். ஒரே அழுத்தில் உட்கார்ந்தது. பழகினவன் கையில்கூட அப்படி உட்காராது. டியூபைச் செருகி, ஒயரை மாட்டி, எல்லாவற்றையும் முறுக்கி முடித்தேன். சோதித்துப் பார்க்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

"இருங்க மாமா" என்று மாப்பிள்ளை டிக்கியிலிருந்து ஒரு கேனை எடுத்துவந்து டாங்கியில் ஊற்றினார். குப்பென்று அதே வாசனை.

"என்ன மாப்ளே இது?"

"கண்ணாடி கழுவுறதுக்குன்னே விக்கிறாங்க மாமா. ஸ்பிரிட் கலந்திருக்கும். சாயங்காலம் வயல் ரோட்டுல வந்தா பூச்சி வந்து அப்பிக்கிது. வெறும் தண்ணிக்கு அந்தக் கறை போக மாட்டேங்குது."

நான் கேனை வாங்கி முகர்ந்தேன். கொஞ்சம் உள்ளங்கையில் விட்டும் முகர்ந்தேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள்.

"அப்பா! இதுக்குத்தான் நேத்து சூலம் வந்துச்சா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து லாரி டிரைவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "வண்டி எத்தன மணிக்குங்க கிளம்பணும்?" என்றார். மாப்பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேனை மூடி வைத்துவிட்டு, பைப்படியில் கை கழுவினார்.

உள்ளே என் மனைவி இலை போட்டிருந்தாள்.

"பசியில்லைங்க அத்தை. நான் பஸ்ஸுல முன்னாடி போறேன். அவங்க கார்ல வரட்டும்."

மாப்பிள்ளை கை நனைக்காமல் படியிறங்கினால் அதன்பின் எத்தனை பந்தி போட்டாலும் ஈடாகாது. மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன். டிரைவரைப் போகச் சொன்னேன். சாவியை மாப்பிள்ளை கையில் வைத்தேன்.

"நீங்களே ஓட்டுங்க. சாப்பிட்டுட்டு ஓட்டுங்க."

அவர் முதல்முறையாகத் தரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சந்தேகம்னா நேரா கேட்டுருங்க மாமா."

"கேட்டா சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

சாவியை மடியில் செருகிக்கொண்டு போய் இலையில் உட்கார்ந்தார். ரசத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். குழந்தை வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்ததாம்.

"பூவத்துல நிறுத்துனாங்களா?"

"இல்லப்பா. போங்கன்னு கையக் காட்டிட்டாங்க."

"எல்லா வண்டியையும் நிறுத்துறவங்க இந்த வண்டிய மட்டும் ஏன் விட்டாங்க?"

"ஐயோ, அப்பா! நீங்க அவர்கிட்டயே கேளுங்க" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

நேராகக் கேட்கச் சொன்னாரே என்று, நேராகவே கேட்டேன்.