நடுவில் ஆள் வேண்டாம்

என் மகன் பெங்களூரில் தன்னோடு வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். வடக்கத்திப் பெண். அவளுக்கு இந்தியும் இங்கிலீஷும் தெரியும், எங்களுக்குத் தமிழை விட்டால் ஒன்றும் தெரியாது. கல்யாணம் முடிந்து முதல்முறை பாகூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் மனைவியும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தே பொழுதை ஓட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தாடை வலித்தது.

கிளம்புகிற நேரத்தில் காரில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள். என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, நெடுநேரம் என்னவோ பேசினாள். இவளும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். பேசி முடிந்ததும் மகனைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாடா சொல்றா?"

"தேங்க்ஸ் சொல்றாம்மா."

"அம்மாம் நேரம் பேசுனாளேடா. ஒத்த வார்த்தையில முடிச்சிட்டியே?"

"அவ்ளோதாம்மா. டைம் ஆவுது, வரட்டா?"

கார் போன பிறகும் இவள் வாசலை விட்டு நகரவில்லை. "நடுவுல ஆள வெச்சிப் பேசுனா இப்பிடித்தான், பாதிய முழுங்கிடுவான். எனக்கு நேரா கேக்கணும்" என்றாள். அந்தப் பெண் அன்றைக்கு என்னதான் சொன்னாள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டுப் பெண் அரியூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் உட்காருகிறவள். சாயங்காலம் அவள் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் இவள் போய்ப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பெண்ணும் சலித்துக்கொள்ளாமல் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாள்.

"அத்த, பெரிய பெரிய வார்த்தைலாம் வேணாம். நான் நாள் பூரா கவுண்டர்ல இன்னா சொல்றேன்? ஹோல்டு ஆன், ஃபில் இன், கம் பேக். சின்ன வார்த்தைங்க ரெண்டு சேந்துக்கினா ஒரு வேல ஆயிடும். நாம பாத்துக்கோ, பாத்துப் போ, பாத்துட்டு வான்னு சொல்றோம்ல, அந்த மாதிரிதான்."

அது இவளுக்குப் பிடித்துப்போயிற்று. எழுதிப் படிக்கவில்லை; கையில் எந்த வேலை இருக்கிறதோ அந்த வேலைக்கு உள்ளதைச் சொல்லிப் பழகினாள். விடிந்ததும் கொட்டகைக்குப் போய் எங்கள் செவலைப் பசுவின் முதுகில் தட்டி "கெட் அப்" என்பாள். கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்தால் வரப்பில் இருந்து எனக்குக் குரல் வரும். "மோட்டார டர்ன் ஆஃப் பண்ணுங்க!"

பண்ணுங்க சேர்க்கக் கூடாது, டர்ன் ஆஃப் என்றாலே போதும் என்று அந்தப் பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இவள் கேட்கவில்லை. "மாட்டுக்குன்னா செரி. கட்டுன புருசன மொட்டையா எப்பிடிடி ஏவுறது?" என்று கேட்டாள். அந்த மரியாதைக்கு நான் கொடுத்துவைத்தவன்தான். ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது. "ஆயில் ரன் அவுட்" என்று அடுப்படியில் இருந்து அறிவிப்பாள். "யாரு போட்ட பந்துல?" என்பேன். கரண்டியோடு வெளியே வந்து முறைப்பாள்.

பசு கயிற்றை உருவிக்கொண்டு பக்கத்துக் கொல்லைக் கரும்புக்குள் நுழைந்துவிட்டால் வரப்பில் நின்று "கம் பேக்! கம் பேக்!" என்று கூப்பிடுவாள். கையில் தவிட்டுச் சட்டி இருக்கும். மாடு தவிட்டுக்குத்தான் வருகிறது, இங்கிலீஷுக்கு இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் தவிடு இல்லாமலும் அது வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், மகன் ஏதோ பேச வாயெடுக்கும்போதே இவள் குறுக்கே புகுந்தாள். "வீ ரன் அவுட் ஆஃப் ஆயில். ஸோ, நோ வடை." அந்தப் பக்கம் மருமகள் துள்ளி எழுந்து கை தட்டினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளும் தன் இங்கிலீஷை இவளுடைய அளவுக்குச் சின்னதாக நறுக்கிக்கொண்டு பேசினாள். பிறகு நடுவில் நின்று சொல்லும் வேலை மகனுக்கு இல்லாமல் போயிற்று. அவளே தனியாகக் கூப்பிடுவாள். இவள் பசுவைக் காட்டுவாள், நடவைக் காட்டுவாள், என்னைக் காட்டப் பார்ப்பாள். நான் நழுவிவிடுவேன். போனுக்குள் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பேன். சந்தோஷமாக இருந்தது.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாள். "வில்லியனூர்ல பிக் அப் பண்ண எங்க வூட்டுக்காரர் வருவாரு" என்று இவள் பாதி பாஷையில் சொன்னதும் அவளுக்குப் புரிந்தது. அப்புறம் வருவது புட் ஆஃப் ஆகியிருக்கிறது என்றாள். அந்த வார்த்தையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்; தள்ளிப் போட்டாச்சு என்று அர்த்தமாம். அப்புறம் அவள் கூப்பிடுவதும் குறைந்தது. மகனைக் கேட்டால், "வேல ஜாஸ்திம்மா" என்பான். மறுபடியும் ஒற்றை வார்த்தை.

ஒரு மத்தியானம் அவள் கூப்பிட்டாள். நாங்கள் சாப்பிட்டு எழுந்த நேரம். முகம் வீங்கியிருந்தது. நிறுத்தி நிறுத்தி, இவளுக்குத் தெரிந்த வார்த்தைகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பேசினாள்.

"அம்மா, வீ ஆர் பிரேக்கிங் அப். ஐ கேனாட் கோ ஆன். ப்ளீஸ், லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப்."

இவளிடம் 'என்னடி சொல்கிறாள்' என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. கூடவே கேட்டுக் கேட்டு எனக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. நடுவில் பாதியை முழுங்குகிற ஆள் அன்றைக்கு இல்லாமல் போனானே என்று நினைத்தேன். அவன் சொல்லியிருந்தால், "சின்னப் பிரச்சினம்மா, செரியாயிடும்" என்றிருப்பான். இன்னும் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்திருப்போம். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதெல்லாம் இதைக் கேட்கத்தானா?

இவள் அழவில்லை. போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வரப்பில் நின்று மாட்டைக் கூப்பிடுகிற அதே வார்த்தையை, ஆனால் சத்தமே வராமல் சொன்னாள்.

"கம் பேக்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இவள் இன்னொரு தரம் சொன்னாள். "கம் பேக்ம்மா." அதற்குமேல் சொல்ல இவளிடம் வார்த்தை இல்லை. எழுந்து போய் அந்தப் போனுக்கு முன்னால் நானும் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

பொங்கலுக்கு மகன் மட்டும் வந்தான். சாப்பிடும்போது, "செட் ஆவலம்மா" என்று ஆரம்பித்தான். "தெரியும்டா, அவளே சொல்லிட்டா" என்று இவள் குழம்பை ஊற்றினாள்.

இப்போது எங்கள் வீட்டில் மோட்டாரை நிறுத்துங்க என்றால் நிறுத்துகிறேன், எண்ணெய் தீர்ந்துபோச்சு என்றால் வாங்கி வருகிறேன். செவலைதான் இன்னும் பழையபடி கரும்புக்குள் நுழைகிறது. இவள் வரப்பில் நின்று, "ஏய், வா இங்க! வாடி!" என்று தமிழில் கத்துகிறாள். அது தலையைத் தூக்கிப் பார்க்கும், கொஞ்ச நேரம் காத்திருக்கும், பிறகு மேய ஆரம்பித்துவிடும். எந்த வார்த்தைக்கு அது வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கரும்புச் சோகை கையைக் கிழிக்க, நான்தான் உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்து வருகிறேன்.